திருப்பூர் வதந்திப் பதற்றம் (2023)

2023 மார்ச் தொடக்கத்தில், பீகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொலிகள் பரவியதால் எழுந்த பதற்றமும் அதைத் தணித்த முயற்சியும். வேறு இடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த வன்முறைக் காட்சிகளே இப்படித் திரித்துப் பரப்பப்பட்டன.

பனியன் கம்பெனிகள் வடமாநிலத்தவரை நம்பியிருக்கும் திருப்பூரில் பலர் ரயிலேறினர்; ஹோலிக்காகப் போனவர் யார், பயந்து போனவர் யார் என்று பிரித்தறிவது கடினம். மாவட்ட நிர்வாகம் உதவி எண்களை அறிவித்தது. அப்போதைய தமிழ்நாட்டு முதல்வர் மு.க.ஸ்டாலின், பீகார் முதல்வராக இருந்த நிதிஷ் குமாரிடம் தொலைபேசியில் பேசினார். பீகார் அரசு, ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளர் பாலமுருகன் தலைமையில் நால்வர் குழுவை அனுப்பியது. மறுப்பறிக்கைகளைவிட இதுவே எடுபட்டது எனலாம்: சொந்த மாநில அதிகாரிகளே திருப்பூருக்கு வந்து தொழிலாளர்களிடம் நேரில் விசாரித்தார்கள். வதந்தி பரப்பியதாக யூடியூபர் மணீஷ் காஷ்யப் அதே மாதம் கைதானார்.