யூஸ்டன் சாலை மகளிர் மருத்துவமனை

சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையைப் பழைய தலைமுறையினர் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்வர். ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாத பெண்களுக்காக 1885-இல் அது தோன்றக் காரணமாயிருந்தவர் மேரி ஷார்லீப். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இல் சேர்த்துக்கொண்ட முதல் நான்கு பெண்களுள் ஒருவர். உடல்நலம் குன்றி 1887-இல் இங்கிலாந்து திரும்பிய அவர், பின்னர் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய இடம் லண்டனில் எலிசபெத் காரெட் ஆண்டர்சன் நிறுவிய மகளிர் மருத்துவமனை. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அதை மூட முற்பட்டார்கள். அந்தக் கதை நம்மவர் அதிகம் அறியாதது.

1866-இல் சிறு மருந்தகமாகத் தொடங்கிய அது, 1890-இல் யூஸ்டன் சாலையில் தனக்கெனக் கட்டிய கட்டடத்திற்கு வந்தது. பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் பார்ப்பது என்பதே அதன் அடிப்படை. நிறுவனர் 1917-இல் மறைந்தபின் அவர் பெயரையே ஏற்றது. 1948-இல் தேசிய சுகாதாரப் பணியின் கீழ் வந்தது. பிரிட்டன் பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்டு நின்ற 1976-இல் செலவுக் குறைப்பின் கத்தி இதன் மேலும் விழுந்தது. கத்தியை ஓங்கியது தொழிற்கட்சி அரசு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவ்வாண்டு நவம்பரில் ஊழியர்கள் மருத்துவமனையைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டனர். நாம் அறிந்த உள்ளிருப்பு வேலைநிறுத்தத்திற்கு இது நேர்மாறு. இங்கே வேலை நிற்கவில்லை. செவிலியரும் மருத்துவரும் துப்புரவுப் பணியாளரும் வழக்கம்போல் பணிசெய்தனர். கட்டிலில் நோயாளி இருக்கும்வரை அவரைக் கைவிட நிர்வாகத்தால் இயலாது. ஆகவே நோயாளிகள் வந்துகொண்டே இருக்க வேண்டும். வெளியிலுள்ள மருத்துவர்களும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களும் ஒத்துழைத்தாலொழிய அது நடவாது. போராட்டத்தின் வலு வாயிலில் நின்ற காவலைவிட இந்த ஒத்துழைப்பில்தான் இருந்தது எனலாம்.

அதன் அருமையை ஹவுன்ஸ்லோவில் காணலாம். இதே முறையில் காக்கப்பட்ட அவ்வூர் மருத்துவமனைக்குள் 1977 அக்டோபரில் அதிகாரிகள் புகுந்து, நோயாளிகளைப் பலவந்தமாக அகற்றினர், கட்டில்களையும் உடைத்தனர். வெற்று வார்டுகளில் போராட்டம் தொடர்ந்தது, மருத்துவமனை மீளவில்லை.

பெண் மருத்துவர்கள் எங்கும் இருக்கும் காலத்தில் தனி மருத்துவமனை எதற்கு என்று அன்று கேட்டவர்கள் உண்டு. கேள்வியை அற்பமென்று தள்ள முடியாது. ஆனால் பெரிய மருத்துவமனையில் பெண் மருத்துவர் இருப்பது வேறு, அவரையே கேட்டுப் பெறும் உரிமை நோயாளிக்கு இருப்பது வேறு. யூஸ்டன் சாலைப் பெண்கள் காக்க நினைத்தது பின்னதை என்றே எனக்குப் படுகிறது.

1970-களின் முடிவில் மூடும் திட்டம் கைவிடப்பட்டது. மிஞ்சியது மகளிர் நோய்களுக்கான ஒரு சிறு மருத்துவமனை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அதுவும் வேறிடம் சென்றது. பெயர் மட்டும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில் நிலைத்திருக்கிறது. 1890-இன் கட்டடத்தையும் உள்ளடக்கி, 2011-இல் அவ்விடத்தில் யூனிசன் தொழிற்சங்கத் தலைமையகம் எழுந்தது. மருத்துவமனை ஊழியர்களின் பழைய சங்கங்கள் 1993-இல் இணைந்து உருவானதே அந்த யூனிசன்.