கடையநல்லூர் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கூரை: சிங்கப்பூர் அங்காடிகள் பற்றிச் சில குறிப்புகள்

சிங்கப்பூர் போகிற சுற்றுலாப் பயணிகளில் பலரும் ஒரு வேளையாவது மேக்ஸ்வெல் உணவங்காடியில் சாப்பிட்டுவிடுவார்கள். கோழிச் சோற்றுக்குப் பேர்போன இடம். அதன் முகவரி என்ன தெரியுமா? எண் 1, கடையநல்லூர் தெரு. ஆமாம், நம்ம தென்காசிப் பக்கத்துக் கடையநல்லூர்தான். அந்த ஊரிலிருந்து போன முஸ்லிம் குடும்பங்கள் நிறையப் பேர் பக்கத்துத் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் வாழ்ந்திருக்கிறார்கள். இன்று அந்தத் தெருவில் சீனச் சாப்பாட்டுக் கடைகள்தான் அதிகம். பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்த முகவரியைப் பார்த்த பிறகுதான் அந்த ஊர்ச் சந்தைகளின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் தெளிவானது. 'பாரம்பரியம்' என்று இன்று உலகமே கொண்டாடுகிற இந்த உணவங்காடிகளில் பெரும்பாலானவற்றுக்கு வயது ஏறக்குறைய ஐம்பதுதான். சாப்பாடு பழசு, கூரை புதுசு. அந்தக் கூரை எப்படி வந்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒரு சொல். தெருவிலிருந்து கொண்டுவந்து ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்த சாப்பாட்டுக் கடைகளின் தொகுப்பை அங்குள்ள தமிழர்கள் 'உணவங்காடி நிலையம்' என்று எழுதுகிறார்கள். நாளங்காடி, அல்லங்காடி என்று மதுரைக்காஞ்சியில் வருகிற அதே அங்காடி. நம் ஊரில் நியாயவிலைக் கடைப் பலகையோடு நின்றுவிட்ட சொல், அங்கே தினசரிப் புழக்கத்தில் இருக்கிறது.

பழைய சந்தை

சிங்கப்பூரின் பழைய சந்தைகளில் முக்கியமானது தெலுக் ஆயர் சந்தை. முதலில் கடலோரத்தில், தண்ணீருக்கு மேலேயே கட்டியிருந்தார்கள். மீன் படகு நேராகச் சந்தைக்கே வந்துவிடலாம். 1838-இல் ஜார்ஜ் கோல்மன் அதை எண்கோண வடிவில் திருத்திக் கட்டினார். பிறகு கடலைத் தூர்த்து நிலமாக்கியதில் அந்தச் சந்தை போய்விட்டது. நகராட்சிப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சி அதே எண்கோண வடிவில், வார்ப்பிரும்புத் தூண்களோடு புதிய சந்தை கட்டினார். 1894-இல் திறந்தார்கள். இரும்பு வேலை எல்லாம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வார்த்துக் கப்பலில் வந்தது.

மக்கள் அதை 'லாவ் பா சாட்' என்கிறார்கள். ஹொக்கியன் சீனத்தில் 'பழைய சந்தை' என்று அர்த்தம். 'பா சாட்' என்பது மலாய் மொழியின் 'பாசார்'. அதற்கு மூலம் பாரசீகப் 'பாஜார்'. நம்ம பஜார் தெருவும் அதே வேர்தான்!

1970-களில் சுற்றிலும் வங்கிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. காய்கறி வாங்க ஆள் குறைந்து, மதியச் சாப்பாட்டுக்கு ஆள் கூடியது. 1973-இல் சந்தையை உணவங்காடியாக மாற்றினார்கள். 1986-இல் கீழே ரயில் சுரங்கம் தோண்ட வேண்டியிருந்தபோது, மொத்த இரும்புச் சட்டத்தையும் கழற்றி எடுத்து வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் திரும்பப் பூட்டிவிட்டார்கள்.

தெருவில் இருந்தவர்கள்

ஆனால் உணவங்காடிகளின் உண்மையான கதை இந்த அழகான கட்டடத்தில் இல்லை, தெருவில் இருக்கிறது. போருக்குப் பின் வேலை இல்லாதவர்களுக்குச் சுலபமாகக் கிடைத்த பிழைப்பு, ஒரு தள்ளுவண்டியோ காவடிக்கூடையோ வைத்துச் சாப்பாடு விற்பது. குழாய்த் தண்ணீர் கிடையாது. ஒரு வாளித் தண்ணீரில்தான் எல்லாக் கிண்ணமும் கழுவ வேண்டும். மிச்சம் மீதி சாக்கடைக்குப் போகும், சாக்கடை ஆற்றுக்குப் போகும். காலரா, டைஃபாய்டு பயம் எப்போதும் உண்டு. சோதனைக்கு அதிகாரிகள் வந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

1950-இலேயே இதற்காக ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். ஆனால் பெரிய மாற்றம் சுதந்திரத்துக்குப் பிறகுதான் வந்தது. 1968-69-இல் நாடு முழுக்கச் சுமார் 18,000 தெருக் கடைக்காரர்களைப் பதிவு செய்து தற்காலிக உரிமம் கொடுத்தார்கள். 1971-இலிருந்து தண்ணீர்க் குழாய், மின்சாரம், கழிவுநீர் வசதியோடு உணவங்காடிகள் கட்டத் தொடங்கினார்கள். 1977-இல் தொடங்கிய சிங்கப்பூர் ஆற்றுச் சுத்திகரிப்பு இன்னும் வேகம் கொடுத்தது. ஆற்றுப் படுகைப் பகுதியிலிருந்து மட்டும் ஏறக்குறைய 5,000 பேரை இடம் மாற்றினார்கள். 1986 வாக்கில் வேலை முடிந்துவிட்டது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. அவர்களைத் துரத்திவிட்டிருக்கலாம். பல நகரங்கள் அதைத்தான் செய்தன. சிங்கப்பூர் முதலில் கணக்கெடுத்தது, பிறகு இடம் கொடுத்தது, அதன் பிறகுதான் தெருவைக் காலி செய்தது. அந்த வரிசைதான் விஷயம். அதற்காக இழப்பே இல்லை என்று சொல்ல முடியாது. பழகின முனை, பழகின வாடிக்கையாளர், ராத்திரி நேரக் கூட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, எண் போட்ட ஒரு சின்ன அறைக்குள் போனார்கள்.

தேக்கா

தமிழர்களுக்கு நெருக்கமான இடம் தேக்கா. பழைய சந்தையை 1915-இல் கட்டினார்கள். மலாய்ப் பெயர் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டில். அந்தப் பக்கம் ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்ததற்கு மிச்ச சாட்சியாக, எருமைத் தெரு என்று பொருள்படும் பஃபல்லோ ரோடு இன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. 'தேக்கா' என்பது மூங்கிலைக் குறிக்கும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது. 1982-இல் சந்தையைச் சாலைக்கு எதிர்ப்புறம் இன்றைய கட்டடத்துக்கு மாற்றினார்கள். பலகையில் 'ஜுஜியாவ்' என்று மாண்டரின் உச்சரிப்பு ஏறியது. மக்கள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. கடைசியில் 2000-இல் அதிகாரபூர்வமாகவே 'தேக்கா' ஆக்கிவிட்டார்கள்.

இங்கே நான் சாப்பிட்டது மீ கோரெங். மீ என்றால் ஹொக்கியனில் நூடுல்ஸ், கோரெங் என்றால் மலாயில் வறுத்தது. அதில் மிளகாய்ச் சாந்தும் உருளைக்கிழங்கும் போட்டு வறுத்து, இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் தமிழ் முஸ்லிம்கள். தமிழ்நாட்டில் இந்தப் பதார்த்தம் கிடையாது, சீனாவிலும் கிடையாது. மூன்று சமூகங்கள் ஒரே தெருவில் அடுப்பு மூட்டியதால் பிறந்தது. கூரை கட்டியவர்கள் இதைத் திட்டம் போட்டு உருவாக்கியிருக்க முடியாது.

ஐந்து வெள்ளியின் கணக்கு

2020 டிசம்பரில் யுனெஸ்கோ சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஊரே கொண்டாடியது. அதே சமயம் கடைக்காரர்களின் சராசரி வயது அறுபதை ஒட்டி இருந்தது. தெருவிலிருந்து வந்த முதல் தலைமுறைக்குச் சலுகை வாடகை, மாதம் சில நூறு வெள்ளிதான். புதிதாக வருகிறவர் ஏலத்தில் கடை எடுக்க வேண்டும். 2024-இல் ஒரே ஒரு கடைக்கு மாதம் 10,000 வெள்ளியைத் தாண்டி ஏலம் கேட்டார்கள். எல்லாக் கடையும் அப்படி இல்லை, அது விதிவிலக்குதான். ஆனாலும் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து வேலை பார்க்கவேண்டிய ஒரு தொழிலில் அந்தத் தொகை கொஞ்சம் யோசிக்கவைக்கிறது.

அரசும் சும்மா இல்லை. புதியவர்களுக்குப் பயிற்சி தருகிறது. முதிய கடைக்காரர் தன் கைப்பக்குவத்தைக் குடும்பத்துக்கு வெளியே ஒருவருக்குக் கற்றுக்கொடுத்துக் கடையை ஒப்படைக்க 2022-இல் ஒரு திட்டமும் கொண்டுவந்தது.

நல்ல முயற்சிதான். ஆனால் என்னைக் கேட்டால் சிக்கல் விலையில் இருக்கிறது. உலகத்திலேயே செலவு அதிகமான நகரங்களில் ஒன்றில், ஐந்து வெள்ளிக்கு வயிறு நிறைகிறது. அந்த மலிவில் ஒரு பங்கை அரசு வாடகைச் சலுகையாகக் கொடுக்கிறது. மீதியைக் கொடுப்பவர் அடுப்புக்கு முன்னால் நிற்பவர், தன் நேரமாகவும் முதுகுவலியாகவும். அவருடைய பிள்ளைகள் படித்து அலுவலக வேலைக்குப் போய்விட்டார்கள், அதற்காகத்தான் அவர் அத்தனை வருஷம் அங்கே நின்றார். சாப்பிடுகிறவர்கள் இன்னும் ஒரு வெள்ளி கூடக் கொடுக்கத் தயாராகும்வரை, அந்த அடுப்புக்கு அடுத்த ஆள் கிடைப்பது கஷ்டம்தான்.