ராஜாக்களின் கடைசி விலாசம்

பாரிஸில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் 'லா சப்பல்' என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஈழத் தமிழர்களின் கடைத்தெரு அது. முருங்கைக்காய், அரிசி மா, பட்டுப்புடவை, தாலிக்கொடி என்று சகலமும் கிடைக்கும். அடுத்த முறை அங்கே போனால், பை நிறையக் காய்கறி வாங்கிய கையோடு தெருவின் பெயர்ப் பலகையையும் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். 'ஃபோபூர் சேன் தெனி' என்று இருக்கும். மதிலுக்கு வெளியே, சேன் தெனியை நோக்கிப் போகும் தெரு என்று அர்த்தம்.

பிரான்ஸ் ராஜாக்களின் சவ ஊர்வலம் போன பாதை அதுதான்!

பாரிஸுக்கு வடக்கே, இன்றைக்கு மெட்ரோ ரயிலில் போய்விடக் கூடிய தூரத்தில் இருக்கிறது சேன் தெனி என்கிற ஊர். 1998ல் ஜிடேன் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தாரே, அந்த மைதானம் இருப்பதும் இங்கேதான். ஆனால் ஊருக்குப் பெயர் வந்தது மைதானத்தால் அல்ல, தேவாலயத்தால்.

தெனி என்பவர் பாரிஸின் முதல் பிஷப். மூன்றாம் நூற்றாண்டில் ரோமானியர்கள் அவர் தலையை வெட்டினார்கள். அவரோ வெட்டுண்ட தலையைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே வந்து இங்கே விழுந்தாராம். ஐதிகம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ராஜாக்கள் நம்பினார்கள். 639ல் இறந்த தகோபெர் மன்னரை இங்கே புதைத்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். கடைசிக் கணக்கில் 40க்கும் மேற்பட்ட ராஜாக்கள், 30க்கும் மேற்பட்ட ராணிகள். முடி சூட்டிக்கொள்ள ரெய்ம்ஸ் நகரம், மூடி வைக்க சேன் தெனி என்று ஆகிப்போனது.

இந்தக் கதையின் கதாநாயகன் ஒரு ராஜா இல்லை. சூஜேர் என்ற துறவி. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை. பத்து வயதுவாக்கில் மடத்துக்கு நேர்ந்து விடப்பட்டவர். 1122ல் அதே மடத்துக்குத் தலைவரானார். ராஜாவுக்கு ஆலோசகரும் அவர்தான். பிற்பாடு ஏழாம் லூயி சிலுவைப்போருக்குக் கிளம்பிப் போனபோது நாட்டையே இவரிடம்தான் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

சூஜேருக்கு ஒரு பிரச்னை. திருவிழா நாட்களில் பழைய கோயில் கூட்டம் தாங்கவில்லை. பெண்கள் ஆண்களின் தலைமேல் ஏறி நடந்துதான் பீடத்தை அடைய வேண்டியிருந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். என்ன செய்யலாம்? இடித்துப் பெரிதாகக் கட்டலாம். பணம்?

இங்கேதான் மனிதர் அசத்துகிறார். கட்டுவதற்கு முன்னால் கணக்கைச் சரிபண்ணினார். மடத்து நிலங்கள் எங்கெங்கே இருக்கின்றன, யார் குத்தகை பாக்கி, யார் ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகத் தூசு தட்டினார். தரிசு கிடந்த இடத்தில் ஆட்களைக் குடியேற்றினார். வருமானம் ஏறியது. எல்லாவற்றையும் ஊர் ஊராகப் பட்டியல் போட்டுப் புத்தகமாகவும் எழுதி வைத்தார். ஆடிட்டர்கள் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

அடுத்து மரம். நீளமான உத்தரங்கள் வேண்டும். 'இந்த வட்டாரத்தில் கிடைக்கவே கிடைக்காது சாமி' என்று தச்சர்கள் சிரித்தார்கள். ராத்திரி தூக்கம் வராமல் புரண்ட சூஜேர், விடிந்ததும் தானே காட்டுக்குள் புகுந்துவிட்டார். பிற்பகலுக்குள் 12 மரங்கள் கிடைத்தன. தேவைப்பட்டதும் சரியாக 12தான்!

1140ல் முகப்பு தயார். அடுத்த வேலை பீடத்தைச் சுற்றியுள்ள பகுதி. அதைக் கட்ட மூன்றே கால் வருஷம். 1144 ஜூன் 11 அன்று ராஜாவும் ராணியும் பிஷப்புகளும் கூடியிருக்க அர்ச்சிப்பு நடந்தது. உள்ளே நுழைந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அதுவரை பெரிய தேவாலயம் என்றால் தடித்த சுவர், சின்ன ஜன்னல், உள்ளே கும்மிருட்டு. இங்கேயோ சுவரையே காணோம். எங்கே பார்த்தாலும் வண்ணக் கண்ணாடி, வெளிச்சம்!

ரகசியம் இதுதான். குடையை விரித்துப் பாருங்கள். துணியைத் தாங்குவது கம்பிகள் இல்லையா? அதுபோல, கூரையின் பாரத்தைக் கல் விலா எலும்புகளும் கூர்முனை வளைவுகளும் வாங்கித் தூண்களில் இறக்கிவிட்டன. சுவருக்கு வேலை குறைந்தது. அந்த இடத்தில் கண்ணாடி வைத்தார்கள். பின்னாளில் கோதிக் என்று பெயர் பெற்ற பாணி முழு உருவத்தில் தொடங்கியது இங்கேதான் என்கிறார்கள். நோத்ர தாம் எல்லாம் இதற்குத் தம்பிதான்.

1231ல் தொடங்கி நடுப்பகுதியை இன்னும் உயரமாகக் கட்டினார்கள். ஒன்பதாம் லூயி காலத்தில் பழைய ராஜாக்களுக்கெல்லாம் வரிசையாகக் கல்லில் உருவம் செதுக்கி வைத்தார்கள். எங்கள் வம்சம் அறுந்ததே இல்லை என்று ஊருக்குச் சொல்லும் ஏற்பாடு. யுத்தம் என்றால் ராஜா இங்கே வந்து பீடத்திலிருந்து கொடியை எடுத்துக்கொண்டு போவார். புராட்டஸ்டண்டாக இருந்த நான்காம் ஹென்றி, 1593 ஜூலை 25 அன்று கத்தோலிக்கராக மாறியதும் இங்கேதான். 1610ல் கத்திக்குத்து வாங்கிச் செத்தவர் இங்கேயே வந்து படுத்துக்கொண்டார்.

நிம்மதியாகப் படுத்திருந்தாரா? 183 வருஷம்வரை.

1793. ஜனவரியிலேயே பதினாறாம் லூயியின் தலை போய்விட்டது. உயிரோடு இருந்த ராஜா முடிந்தார். செத்துப்போன ராஜாக்கள்? ஆகஸ்ட் 1 அன்று புரட்சி அரசு தீர்மானம் போட்டது. கல்லறைகளை உடையுங்கள்! மக்களின் ரத்தத்தை உறிஞ்சியவர்களுக்கு மாளிகை மாதிரி சமாதியா என்ற கோபம். கூடவே ஒரு கணக்கும் இருந்தது. சவப்பெட்டிகள் ஈயத்தில் செய்தவை. உருக்கினால் துப்பாக்கிக் குண்டு.

அக்டோபர் 12 அன்று நான்காம் ஹென்றியின் பெட்டியைத் திறந்தார்கள். முகம் அடையாளம் தெரிகிற அளவுக்கு உடல் கெடாமல் இருந்தது. நிற்க வைத்துக் காட்சிக்கு வைத்தார்கள். 16 அன்று பதினைந்தாம் லூயியைத் தோண்டினார்கள். அதே நாள்தான் பாரிஸில் மேரி அன்டாய்னெட்டின் தலை வெட்டப்பட்டது. ஒரே மாதத்தில் 150க்கும் மேற்பட்ட உடல்கள் இரண்டு குழிகளில் கொட்டப்பட்டு, மேலே சுண்ணாம்பும் போடப்பட்டது.

கோபத்தில் நியாயம் இருந்தது, மறுக்க முடியாது. பட்டினி கிடந்தவனுக்குத்தான் அதன் வலி தெரியும். ஆனால் உடைபட்ட கல்லில் ராஜாவின் பங்கு எவ்வளவு? செதுக்கியவன் பெயரில்லாத சிற்பி. கூலிக்காரன். குத்தகை கட்டியவன் விவசாயி. ராஜாவை அடிப்பதாக நினைத்துத் தங்கள் பாட்டன் உழைப்பையும் சேர்த்தே அடித்தார்கள்.

அலெக்ஸாண்டர் லெனுவார் என்ற ஒருவர் மட்டும் சிலைகளைப் பொறுக்கி எடுத்துப் பாரிஸில் மியூசியமாக்கிக் காப்பாற்றினார். அவர் இல்லையென்றால் இன்று பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

முடியாட்சி திரும்பியதும், 1815 ஜனவரி 21 அன்று பதினாறாம் லூயியையும் மேரியையும் தேடியெடுத்துக் கொண்டு வந்தார்கள். 1817ல் இரண்டு குழிகளையும் திறந்தார்கள். எலும்பில் பெயர் எழுதியிருக்குமா என்ன? எது தாத்தா, எது பேரன், எது ராணி? ம்ஹும். மொத்தமாக அள்ளி நிலவறையில் வைத்து, வெளியே கறுப்பு மார்பிளில் பெயர்களை வரிசையாகப் பொறித்துவிட்டார்கள்.

இன்றைக்கும் அந்தக் கோயில் முகப்பில் ஒற்றைக் கோபுரம்தான். மின்னலும் சூறாவளியும் பார்த்த வடக்குக் கோபுரத்தை 1846ல் இறக்க ஆரம்பித்தார்கள். அதை மறுபடி எழுப்ப 2025 மார்ச்சில்தான் முதல் கல் வைத்திருக்கிறார்கள். இந்த முறை ராஜா இல்லை, மானியம் இல்லை என்று யாரும் கவலைப்படவில்லை. பார்க்க வருகிறவர்களின் டிக்கெட் காசும் செலவில் சேர்கிறது. சூஜேர் இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருப்பார்.

அவர் எங்கே என்கிறீர்களா? பீடத்துக்குப் பின்னால் ஒரு ஜன்னலில் இருக்கிறார். பலமுறை பழுது பார்த்த கண்ணாடி. மாதாவின் காலடியில் குப்புற விழுந்து கிடக்கிறது ஒரு சின்ன உருவம். பக்கத்திலேயே பெயர்.

ராஜாக்களின் எலும்பில் எது யாருடையது என்று எவருக்கும் தெரியாது. கணக்கு எழுதிய அந்தத் துறவிமேல் மட்டும் தினமும் காலையில் வெயில் படுகிறது.