ஜூ டவுனில் மாற்றுச் செயலிகள்: ஒரு பயனர் நோக்கு

1. பொருளும் பகுப்பும்

கொச்சியின் மட்டாஞ்சேரி ஜூ டவுனில் அன்றாடம் புழங்கும் ஒருவர், பெருநிறுவனச் செயலிகளை விட்டு மாற்றுச் செயலிகளைக் கொண்டே காரியம் பார்க்க முடியுமா என்பது இக்கட்டுரையின் கேள்வி. மூல நிரல் திறந்திருப்பவையும் தரகு பிடிக்காதவையும் இங்கு மாற்றுச் செயலிகள். இவற்றை உரிமத்தின்படி பிரிப்பது நிரலாளர் வழக்கம். பயன்படுத்துபவருக்கு அந்தப் பிரிவு உதவவில்லை. தனியொருவருக்கே பயன்படுபவை, பலர் கூடினால்தான் பயன்படுபவை என்ற பகுப்பையே நான் கொள்கிறேன்.

2. தனித்துப் பயன்படுபவை

2.1 வரைபடம்

2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைக் கொண்டு ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் ஆகியவை இணையமின்றியே வழி காட்டுகின்றன. கேரளப் பகுதியை ஒருமுறை இறக்கிக்கொண்டால் போதும்; மட்டாஞ்சேரி அரண்மனையிலிருந்து பரதேசி யூத ஆலயத்துக்குச் சிக்கலின்றிப் போகலாம்.

ஆனால் வழி தெரிவது பாதி வேலைதான். 1568இல் கட்டிய அந்த ஆலயம் வெள்ளி பிற்பகலும் சனிக்கிழமையும் பார்வையாளருக்குத் திறக்காது. அது தெரியாமல் சனிக்கிழமை வருபவர்கள் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டும். இந்த வரைபடத்தில் திறப்பு நேரத்தைப் பயனரே பதியலாம். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி தெருவில் நிற்பவரிடமே கேள்வி கேட்டு விடையைச் சேர்த்துக்கொள்கிறது. யாரும் பதியாத கடை அதில் இல்லை. மூடிய கடையை நீக்காவிட்டால் பழைய பெயரே நிற்கும்.

2.2 எழுத்து

மலையாளமும் தமிழும் கலந்து எழுதும் மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்களுக்கு இண்டிக் கீபோர்டு ஒன்றே போதும். அதை உருவாக்கியவர்களோடு தொடர்புள்ள சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு, மீரா இனிமை என்ற கட்டற்ற தமிழ் எழுத்துருவையும் தந்திருக்கிறது. அயல்மொழிக்காரர்கள் நமக்குச் செய்த இந்தக் கொடையைத் தமிழர்கள் போதிய அளவு அறியவில்லை என்பது என் ஆதங்கம்.

3. கூடிப் பயன்படுபவை

3.1 உரையாடல்

2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பின் தனியுரிமைக் கொள்கை சர்ச்சையானபோது பலரும் சிக்னல் செயலியை நிறுவினார்கள். கடைக்காரரும் உறவினரும் பழைய இடத்திலேயே இருக்க, ஒருவர் மட்டும் மாறிப் பயனில்லை.

3.2 ஆட்டோ

இந்தக் களத்தில் கொச்சி இந்தியாவுக்கே முன்னோடி. 2021இல் இங்கே தொடங்கிய கொச்சி திறந்த போக்குவரத்து வலையமைப்பு, பெக்ன் என்ற பொது நெறிமுறையில் அமைந்தது. பயணியின் செயலி ஒன்றாகவும் ஓட்டுநரின் செயலி வேறாகவும் இருக்கலாம்; இடையில் ஒரே நிறுவனம் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அந்த வலையமைப்பின் யாத்ரி செயலி வழியே வந்த சவாரிக்குத் தரகு கிடையாது. பணம் நேரே ஓட்டுநருக்குப் போகும்.

இடையில் வேறொரு நிறுவனம் இல்லாமல் வணிகம் செய்யும் எண்ணம் இந்தத் தெருவுக்குப் புதிதல்ல. 1957இல் அமைந்த இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கம் ஜூ டவுனில்தான் இயங்கியது. வணிகர்கள் கூடிக் கூவி விலை பேசிய அந்த மன்றம் அவர்களின் சங்கத்துக்கே உரியது.

கொச்சி வலையமைப்புக்கு அடுத்த ஆண்டே, 2022இல், பெங்களூரில் நம்ம யாத்ரி என்ற ஆட்டோச் செயலி வந்தது. அது வேரூன்றியதற்கு நிரலைவிட முக்கியமான காரணமாக நான் கருதுவது, ஆட்டோ ஓட்டுநர் சங்கம் தொடக்கத்திலேயே அதோடு கைகோத்ததை. கேரளத் தொழிலாளர் துறையின் கேரள சவாரியும் 2022 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. அப்போது அது எடுத்த சேவைக் கட்டணம் 8 விழுக்காடு. கட்டணக் குறைவு ஓட்டுநருக்கு நல்லதுதான். ஆனால் கூப்பிட்டவுடன் ஆட்டோ வராவிட்டால் பயணி மறுபடி அந்தச் செயலியைத் திறக்க மாட்டார். பயணி திறக்காவிட்டால் ஓட்டுநரும் காத்திருக்க மாட்டார்.

4. செய்ய வேண்டியவை

கொச்சியின் போக்குவரத்து அதிகாரிகள் இத்தகைய ஆட்டோச் செயலிகளை விளம்பரப்படுத்தும் முன் மட்டாஞ்சேரி ஆட்டோ ஸ்டாண்டுகளுக்குப் போய், தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஜூ டவுனுக்கு வரும் தமிழ் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: திரும்புமுன் ஒரு கடையின் பெயரையும் திறப்பு நேரத்தையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற அந்தப் பொது வரைபடத்தில் பதிந்துவிட்டுப் போங்கள்.