ஒட்டுப் பசையின் சரித்திரம்

மதுமேகத்தோடு மனித குலம் நடத்திவரும் நெடும் போராட்டத்தில், இன்சுலின் கண்டறியப்பட்ட 1921-ஆம் ஆண்டைப் போற்றாத வைத்திய சரித்திரம் இல்லை. ஆனால் அந்த மருந்தை இடைவிடாது செலுத்துவதற்கும், சர்க்கரையின் ஏற்றத்தாழ்வை இரவும் பகலும் அளந்து காட்டுவதற்கும் தோன்றிய கருவிகளை உடம்போடு பிணைத்து வைக்கும் பசைக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்பதை, சரும வைத்தியர்களையும் தினவெடுத்து அவதியுற்றவர்களையும் அன்றிப் பிறர் அதிகம் அறியார்.

இதற்கு வழிகாட்டிய பரிசோதனை, கருவிகளுக்கு வெகு காலம் முன்னரே பிறந்துவிட்டது. பிரெஸ்லாவ் நகரத்துச் சரும வைத்தியரான யோசப் யாடசோன், பாதரசக் களிம்பினால் உடலெங்கும் தடிப்புக் கண்ட நோயாளிக்கு அதே வஸ்துவைத் தோலில் ஒரு சிறு இடத்தில் மட்டும் பிளாஸ்திரியிட்டு வைத்து, அந்த இடத்தில் அதே தடிப்பு எழுவதை 1895-இல் கிராஸ் நகரில் கூடிய வைத்தியர் மகாநாட்டில் விவரித்தார். இன்றும் முதுகில் இரண்டு நாள் ஒட்டிவைத்து, பின்னர் ஒரு வாரம் வரையில் பார்த்துவரும் அந்த ஒட்டுப் பரிசோதனைக்கு நிகரானது வேறொன்றில்லை. ஆயினும் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: சந்தேகத்துக்குரிய வஸ்து இன்னதென்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பின்னால் நேர்ந்த சங்கடங்களுக்கெல்லாம் மூலம் இந்த நிபந்தனையே.

1978-இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் பிக்கப், ஹாரி கீன் முதலியோர், சிறிய பம்ப் ஒன்றினால் தோலுக்கடியில் இன்சுலினை ஓயாது செலுத்தும் முறையை வெளியிட்டனர். அதுமுதல் ஊசியும் குழாயும் அவற்றைத் தாங்கும் பிளாஸ்திரியும் நாட்கணக்கில் ஒரே இடத்தில் தங்கலாயின. தங்கிய இடத்தில் சிலருக்குச் சருமம் சிவந்து கொப்புளித்தது. 1995-இல் பெல்ஜியத்து லூவன் நகர ஆராய்ச்சியாளர்கள், பம்ப்பின் குழாய்த் தொகுதியிலிருந்த பசையில் ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்னும் வஸ்துவைக் குற்றவாளியாகக் காட்டினர். உரிய வேளையில் வெளிவந்த அந்தச் சிறு அறிக்கையை, பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாக எவரும் பொருட்படுத்தினாரில்லை.

2014-இல் ஐரோப்பாவில் ஃப்ரீஸ்டைல் லிப்ரே என்னும் சென்சார் விற்பனைக்கு வந்தது. மேற்கையின் பின்புறத்தில் பதினான்கு நாள் ஒட்டிக்கொண்டு, விரலைக் குத்தும் வேதனையைப் பெரிதும் தவிர்த்த அது, பல்லாயிரவர்க்கு வரப்பிரசாதமாயிற்று. அவர்களுள் சிலர், வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ யாதொரு தொல்லையுமின்றி அணிந்திருந்து, பின் திடீரென்று அரிப்பும் நீர்க்கசிவுமாக வைத்தியரை நாடினர். உடல் முதலில் அந்நிய வஸ்துவை ஓசையின்றி அறிந்துகொண்டு, பிறகே அதன்மேல் சீறுவது இவ்வகை ஒவ்வாமையின் இயல்பு. இவர்களுக்கு வழக்கமான அக்ரிலேட் வரிசையைக் கொண்டு பரிசோதித்தும் பெரும்பாலும் ஒன்றும் புலப்படவில்லை. வேண்டிய அந்த ஒரு வஸ்து அவ்வரிசையில் இல்லை.

பெல்ஜியத்தையும் ஸ்வீடனையும் சேர்ந்த வைத்தியர்களும் ரசாயன நிபுணர்களும் ஒன்றுகூடி, பதினைந்து நோயாளிகளைப் பற்றி 2017-இல் வெளியிட்ட ஆய்வு இம்மர்மத்தை அவிழ்த்தது. சென்சாரைப் பிரித்து, அதன் பாகங்களில் ஊறிய வஸ்துக்களை வாயு நிறப்பிரிகைக் கருவியில் அவர்கள் ஆராய்ந்தபோது, ஐசோபோர்னைல் அக்ரிலேட் மிகுதியாயிருந்த இடம், தோலில் படியும் பிளாஸ்திரி அன்று, மேலோடும் கீழோடும் இணையும் பொருத்துவாயே என்று தெரிந்தது. கற்பூரத்தோடு ரசாயன உறவுடைய கேம்ஃபீனிலிருந்து செய்யப்படும் இவ்வஸ்து, புற ஊதா ஒளி பட்டதும் இறுகிப் பிளாஸ்டிக்கைப் பிணைக்கும். இறுகாது எஞ்சிய மூலக்கூறுகள் மெல்ல நகர்ந்து பிளாஸ்திரி வழியே சருமத்தை அடைந்தன. பசையைக் குறைகூறி வந்தவர்கள், கூட்டையும் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

அதன்பின் காரியங்கள் விரைந்தன. அமெரிக்கத் தொடு ஒவ்வாமைச் சங்கம் 2020-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக ஐசோபோர்னைல் அக்ரிலேட்டை அறிவித்தது. இவ்வஸ்து நீங்கிய லிப்ரே 2 சென்சாரைப் பற்றிய வைத்திய அறிக்கையும் அவ்வாண்டே வெளிவந்தது. எனினும் குற்றவாளி அது ஒன்றே அன்று: மதுமேகச் சாதனங்களில் டைமெத்தில் அக்ரிலமைடு என்னும் வேறொரு வஸ்துவும் ஒவ்வாமை விளைவிப்பதை 2019-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் தெரிவித்திருந்தனர்.

முகத்தில் பூசும் களிம்புக்கு உட்பொருட் பட்டியல் அச்சிட வேண்டுமென்று ஐரோப்பியச் சட்டம் விதிக்கிறது. இரு வாரம் உடம்பை விட்டு அகலாத கருவிக்கோ அத்தகைய முழுப் பட்டியல் கட்டாயமில்லை. யாடசோனின் பரிசோதனை பழுதுற்றதில்லை. லூவன் ஆய்வாளர்களும் தம் கடமையில் தவறியதில்லை. கருவியின் உட்பொருள்கள் வைத்தியருக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தால், ஒருமுறை கண்டறிந்த உண்மையை நோயாளிகளின் தோலைக் கொண்டு மறுமுறையும் கண்டறிய நேர்ந்திராது. இன்னொரு வஸ்துவின் பெயர் இந்தச் சரித்திரத்தில் ஏறுமுன், அந்தப் பட்டியலைக் கட்டாயமாக்குவதே விவேகம்.