மின்னோட்டத்தின் மழையொலி

தகரக் கூரையின் மீது மழை பெய்யும்போது செவியில் விழுவது ஓர் இடையறாத இரைச்சல். ஆயினும் மழை துளிதுளியாகவே வீழ்கின்றது என்பதை யாவரும் அறிவர். மின்னோட்டமும் அத்தகையதே. அது இலத்திரன் என்னும் துளிகளாலானது. ஆதலின் முற்றிலும் சமமாக ஓடுதல் அதற்கு இயலாது.

இதனைக் கணிதத்தாற் காட்டியவர் யேர்மன் அறிஞர் வால்டர் சொட்கி. வானொலி வால்வினுள் சூடேறிய இழையிலிருந்து இலத்திரன்கள் ஒழுங்கின்றிப் புறப்படுவதால் மின்னோட்டம் சிறிது ஏறியிறங்கும் என்று 1918 ஆம் ஆண்டில் அவர் எழுதினார். அவ்வேற்றத்தாழ்வை அளந்தால் ஓர் இலத்திரனின் மின்னேற்றத்தையே கண்டுவிடலாம் என்பது அவர் முடிபு.

ஆனால் அளப்பது எங்ஙனம்? 1921 இல் ஹார்ட்மன் என்பவர், பெருக்கிய இரைச்சலை அளவு தெரிந்த ஓர் ஒலியுடன் காதினாலேயே ஒப்பிட்டார். கிடைத்த விடையோ, மில்லிக்கன் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு கண்ட பெறுமானத்திலிருந்து வெகுதூரம் விலகி நின்றது. அதிர்வெண்ணுக்கேற்ப மாறியும் வந்தது. இலத்திரனின் மின்னேற்றம் அவ்வாறு மாறுமா? மாறாது. அங்ஙனமாயின் பிழை எங்கே?

பிழை ஈரிடத்தும் இருந்தது. சொட்கியின் கணக்கிலிருந்த வழுவை 1922 இல் ஜோன்சன் எடுத்துக்காட்டினார். மனிதச் செவி எல்லா அதிர்வெண்களையும் ஒரே கூர்மையுடன் கேட்பதில்லை என்பதை ஃபூர்த் உணர்ந்து, அக்குறையையும் கணக்கிற் சேர்த்தார். 1925 இல் அமெரிக்காவில் ஹல், வில்லியம்ஸ் ஆகிய இருவரும் காதை விலக்கிக் கருவியாலேயே அளந்தனர். மில்லிக்கனின் பெறுமானத்துக்கு மிக அண்மையான விடை கிடைத்தது. கோட்பாடு நிலைபெற்றது.

அக்கேள்வி மற்றொரு வடிவில் மீண்டும் வந்தது. 2006 இல் சூரிச் நகர ஆய்வாளர், நுண்ணிய குறைகடத்திப் புள்ளியொன்றினூடு செல்லும் இலத்திரன்களை ஒவ்வொன்றாக எண்ணினர். எனினும், மிக விரைவிற் புகுந்து வெளியேறும் இலத்திரனை அக்கருவியும் காணாது விடும். அவ்விடுபாடு எண்ணிக்கையைக் குறைப்பதோடு, ஓட்டத்தை உள்ளதிலும் ஒழுங்கானதாகக் காட்டிவிடும். கருவியின் வேகத்தை அறிந்து, விடுபட்டவற்றைக் கணித்துச் சேர்த்த பின்னரே உண்மை ஏற்றத்தாழ்வு புலனாகும்.

குறையற்ற கருவி என்றும் எவர்க்கும் வாய்த்ததில்லை. அன்று செவியின் குறையை அளந்தவர்களும், பின்னர் கருவியின் குறையை அளந்தவர்களும் ஒரே வழியிற் சென்றே இலத்திரனை அறிந்தனர்.