கோட்டையில்லாக் குலவரிசை

வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே அமைந்த கனகராயன்குளமும், வடக்கே ஓடி இரணைமடுவில் தேங்கிப் பின்னர் சுண்டிக்குளம் கடல்நீரேரியை அடையும் கனகராயன் ஆறும், பழைய ஏடுகள் அடங்காப்பற்று என வழங்கிய வன்னிப் பெருநிலத்தின் நடுவே உள்ளன. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி எனப் பிரிந்து கிடந்த இந்நிலத்தை வன்னிமைகள், அதாவது பரம்பரையாக ஒரு பற்றை ஆண்டு மேலரசுக்குத் திறை செலுத்திய குறுநிலத் தலைமைகள், பல நூற்றாண்டுகள் ஆண்டன.

இங்கிலாந்தின் நிலக்கிழார் குடும்பம் ஒன்றின் வரலாற்றை எழுதப் புகுபவருக்குக் கல்லும் காகிதமும் ஒருங்கே கிடைக்கின்றன. குளொஸ்டர்சயரின் பார்க்லி கோட்டை 12ஆம் நூற்றாண்டு முதல் ஒரே குடும்பத்தின் கையில் உள்ளது. 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் அரச அலுவலர் மாவட்டந்தோறும் சென்று பிரபுக் குடும்பங்களின் வம்சாவளியைச் சரிபார்த்துப் பதிந்தனர். வன்னியில் அத்தகைய கோட்டையும் இல்லை, பதிவாளரும் இல்லை. மதுரையிலிருந்து வந்த வன்னியரைப் பாடும் வையாபாடல் குலத்தின் தோற்றத்தைப் பெருமையோடு சொல்கிறதேயன்றி, தந்தைக்குப் பின் மகன் எப்போது பட்டத்துக்கு வந்தான் என்ற கேள்விக்கு அதில் விடை தேடுவது வீண்வேலை.

அந்த விடையைத் தருவது, விந்தையாக, யானைக் கணக்கே. யாழ்ப்பாண அரசை 1619இல் வீழ்த்திய போர்த்துக்கேயரும், 1658இல் அவர்களை அகற்றிய ஒல்லாந்தரும் வன்னிமைகளிடம் திறையை யானைகளாகவே கேட்டனர். காட்டில் பிடிக்கப்பட்டு ஆனையிறவு வழியாகக் குடாநாட்டுக்குள் நடத்திச் செல்லப்பட்ட விலங்குகள் அங்கே இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. எவன் எத்தனை யானை பாக்கி என்று எழுதிவைத்தால்தான் அடுத்து வருபவனிடம் அதை வசூலிக்க முடியும் என்பதால், ஒல்லாந்த அதிகாரிகள் தம்மையறியாமலே வம்சாவளி எழுதினர். யாழ்ப்பாணத் தளபதி சுவார்டக்குரோன் 1697இல் எழுதிய குறிப்பில் டொன் பிலிப் நல்லமாப்பாணன், டொன் கஸ்பார் இலங்கைநாராயணன் ஆகிய பெயர்கள் வருகின்றன. கத்தோலிக்கப் போர்த்துக்கேயர் வழங்கிய ‘டொன்’ பட்டம், அவர்கள் போய் ஏறத்தாழ நாற்பதாண்டுக்குப் பிறகும் புரட்டஸ்தாந்தரான ஒல்லாந்தரின் ஏட்டில் அழியாமல் நின்றது. மாப்பாணன் என்ற பெயர் பலருக்கு வழங்கியதால், ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்தறிவது இன்றும் ஆய்வாளருக்குத் தலைவலி.

திறை கொடுக்க மறுத்தவன் அக்கணக்கில் கடனாளியாகவே தெரிவான். ஆனால், கண்டியிலிருந்து தப்பி 1679இல் அரிப்புக் கோட்டையை அடைந்த ஆங்கிலேயர் ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் கயிலை வன்னியனைக் கண்டி மன்னனுக்கும் ஒல்லாந்தருக்கும் கட்டுப்படாத தலைவனாகக் குறித்து, நிலப்படத்திலும் அந்நாட்டை அவன் பெயராலேயே காட்டினார். பார்ப்பவர் மாறினால் பட்டமும் மாறிற்று.

1782இல் லெப்டினன்ட் நாகல் வன்னியை ஒல்லாந்தரின் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்ததோடு வன்னிமைகளின் உரிமை முறிந்தது. ஆங்கிலேயர் காலத்தில், 1803 ஆகஸ்ட் 25 அன்று வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவைக் கைப்பற்ற, கப்டன் டிறிபேர்க்கின் படை படகேறி யாழ்ப்பாணம் சென்றது. அதே கப்டன் அக்டோபர் 31 அன்று கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தான். அந்த இடத்தில் வென்றவர் தரப்பு நட்ட கல்லில் தோற்றவனின் பெயர் இருந்தது, அவன் தந்தையின் பெயர் இல்லை. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேடும், சி. பத்மநாதன் போன்றோரின் பிற்கால ஆய்வுகளும் ஏடுகளைக் கொண்டு குலவரிசையை ஒட்டவைக்க முயன்றன. ஊர்மக்கள் இன்று அறிந்த பண்டாரவன்னியனோ பெரும்பாலும் முல்லைமணியின் நாடகமும் மு. கருணாநிதியின் ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ நாவலும் உருவாக்கியவன்.